அம்மாவின் ஊலாங்கும் அப்பாவின் வயிற்றெரிச்சலும்

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் அம்மாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அதைவிட ஒரு படி மேலாக இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் கண் விழித்ததும் என் முதல் நினைப்பு. குட்டிக்குச் சளி விட்டதா, ராத்திரி தூங்குகிறாளா, நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது. போனிலேயே கேட்டுவிடலாமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போன் என்றால் அம்மா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றுகொள்வாள், பாதியில் பிடுங்கியும் கொள்வாள், அப்புறம் நீங்கள் இரண்டு பேரும் டீயைப் பற்றி ஆரம்பித்தால் நான் பால்கனிச் செடிக்கெல்லாம் தண்ணீர் ஊற்றி, காய்ந்த துணியை மடித்து வைத்துவிட்டு வந்தாலும் பேச்சு முடிந்திருக்காது. இப்போது அவள் பல் டாக்டரிடம் போயிருக்கிறாள், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். இதில் உள்ளதை அவளிடம் ஒப்பிக்காதே, அவளுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்றாலும் நான் எழுதினேன் என்று தெரிய வேண்டாம்.

போன குளிர்காலத்தில் நீ அனுப்பிய முதல் பார்சலின் மேல் என் பெயர்தான் இருந்தது, அதை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. மணி மணியாக உருட்டியிருந்த அந்த ஊலாங் என்ற சீன டீ இலையை நான் டீக் கம்பெனியில் ருசி பார்க்கச் செய்கிற மாதிரியேதான் செய்தேன். மூடிக் கோப்பையில் போட்டு, கொதிநீர் ஊற்றி, மணல் கடிகாரத்தைக் கவிழ்த்து, மணல் முழுக்க இறங்கியதும் வடித்து, கரண்டியில் எடுத்துச் சர்ரென்று உறிஞ்சி, நாக்கில் சுழற்றி, துப்பினேன். நிறம் இல்லை, கெட்டி இல்லை, பால் ஊற்றினால் காணாமல் போய்விடும், இது டீயே இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் அம்மா நான் ஒதுக்கிய இலையை உள்ளங்கையில் வைத்து விரித்துக்கொண்டிருந்தாள். மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்த மணிக்குள் கட்டைவிரல் நீளத்துக்கு முழு இலை, காம்போடு. "இவ்ளோ பெரிய இலைய இத்தனை சின்னதா யாருங்க மடிச்சு வச்சாங்க" என்று கேட்டாள். அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி.

அவளைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வார்டு நர்ஸாக இருந்த காலம் முழுக்க அவள் ஒரு டீயைச் சூடாகக் குடித்ததில்லை. ஊற்றி வைப்பாள், எந்தப் படுக்கையிலிருந்தாவது மணி அடிக்கும், ஓடிவிட்டு வருவதற்குள் ஆடை கட்டியிருக்கும், அதை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடுவாள். நான் வீட்டுக்கு வந்து இன்றைக்கு வந்த சரக்கு அப்படி இருந்தது, இப்படி இருந்தது என்று சொன்னால் எல்லாம் ஒரே டீதானே என்பாள். அப்படிப்பட்டவள் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகு, உன்னிடம் போனில் கேட்டுக் கேட்டு, கைப்பிடி இல்லாத மூடிக் கிண்ணத்தை விளிம்பில் பிடிக்கக் கற்று, விரல் சுட்டு, ஊதி, மறுபடி பிடித்து, முதல் தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு, அடுத்த தண்ணீரை ஊற்றிய சூட்டிலேயே வடித்து, நாலு மடக்கில் தீர்ந்துபோகிற அந்தச் சின்னக் கோப்பையை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள் என்றால் எழுந்திருக்கவே மாட்டாள். ஒரே இலையில் திரும்பத் திரும்பத் தண்ணீர் ஊற்றுகிறாள். முதல் கோப்பைக்கு "இன்னும் கண்ணு முழிக்கல" என்பாள், மூன்றாவதற்கு "இப்பத்தான் வாயத் தொறக்குது" என்பாள். மூடியைத் திருப்பி மூக்கருகே வைத்துக்கொண்டு கண்ணை மூடுவாள். என் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது அவளிடம் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை என்று எழுதினால் நீ சிரிப்பாய், சிரித்துக்கொள்.

அடுத்த பார்சலின் மேல் அம்மா பெயர் இருந்தது. அதற்கடுத்ததும் அப்படியே. வெள்ளைப் பூனை ரோமம் போர்த்திய மொட்டு ஒன்று, மழை நின்ற மண் மாதிரி மணக்கிற கறுப்பு டீ ஒன்று, கரி நெருப்பில் வாட்டி முறுக்கிய ஊலாங் ஒன்று, எல்லாம் அவளுக்கு. என்னிடம் நீ கேட்டதெல்லாம் பிரஷர் மாத்திரை போட்டீர்களா என்பதுதான். பள்ளிக்கூடத்தில் எங்கப்பாவுக்கு டீ குடிக்கிறதுதான் வேலை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த பெண் நீ. டீயைப் பற்றி ஒரு சந்தேகம் என்றால் இந்த வீட்டில் யாரைக் கேட்க வேண்டும் என்று உனக்குத் தெரியாதா என்ன. இதைப் பொறாமை என்றால் பொறாமைதான், அதற்கு நான் வேறு பெயர் தேடப் போவதில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் மேனேஜருக்குத் திடீரென்று ஓர் ஆசை, சீன டீயை அழகான டப்பாவில் போட்டுப் பெரிய ஓட்டல்களுக்கு விற்க வேண்டும் என்று. அதற்கு ஓர் ஏஜென்ட் சரக்கு கொண்டுவந்தார். நாங்கள் அவரை செண்ட் ஆசாமி என்போம், அவர் மாடிப்படி ஏறுவதற்கு முன்பே அவர் போட்ட செண்ட் எங்கள் அறைக்கு வந்துவிடும். ஊலாங்கில் உசத்தி ரகம், உயரமான மலையில் விளைந்தது என்று ஒரு மூட்டை பேசினார். நான் வழக்கப்படி நீண்ட நேரம் ஊறவைத்து, உறிஞ்சித் துப்பிப் பார்த்தேன். வறுத்த வாசனை தூக்கலாக இருந்தது, நிறமும் நன்றாக இறங்கியிருந்தது. பரவாயில்லை, வாங்கலாம் என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் ஒரு கைப்பிடி இலையைக் காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எதற்கென்று கேள். அம்மா அது ஆகாது என்று சொல்லட்டும், இது கம்பெனியே வாங்குகிற சரக்கு, உனக்கும் உன் மகளுக்கும் என்ன தெரியும் என்று ஒரு போடு போடலாம் என்றுதான். அவள் நல்லது என்று சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது, அதிலும் ஏதாவது குற்றம் கண்டுபிடித்திருப்பேன்.

எங்கிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஊற்றினாள், முதல் கோப்பையைக் குடித்தாள். இரண்டாவதற்குப் புருவத்தைச் சுருக்கினாள். மூன்றாவதை என் பக்கம் தள்ளிவிட்டு, "இது பழசுங்க, நாத்தம் தெரியாம இருக்க மறுபடி வறுத்திருக்காங்க, வெறும் நெருப்பு வாசனைதான் இருக்கு, உள்ள இலை எப்பவோ போயிடுச்சு" என்றாள். எனக்கு எப்படி இருந்திருக்கும் பார். அதெல்லாம் உன் கற்பனை, நான் பார்த்துவிட்டேன் என்றேன். "குடிச்சுப் பாத்தீங்களா" என்று கேட்டாள். பின்னே என்றேன். "குடிச்சீங்களா, துப்புனீங்களா" என்று மறுபடி கேட்டாள். நான் எழுந்து போய் டிவியைப் போட்டுவிட்டேன்.

மறுநாள் யாரும் வருவதற்கு முன்பே கம்பெனிக்குப் போனேன். எங்கள் அறை உனக்கு நினைவிருக்கும், சுவர் நீளத்துக்கு வெள்ளை மேடை, மேலே வரிசையாகக் கோப்பைகள், உருட்டிக்கொண்டு போகிற துப்பும் தொட்டி. அந்த மேடைக்கு எதிரில் இத்தனை வருடத்தில் முதல் முறையாக ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அம்மா செய்கிற மாதிரி ஊற்றி வடித்து, விழுங்கினேன். நாலாவது தண்ணீரில் சுடுதண்ணீரும் கரியும்தான் இருந்தது. பிறகு அம்மாவின் டப்பாவிலிருந்து அவளுக்குத் தெரியாமல் கிள்ளி வந்திருந்த உன் ஊலாங்கைப் போட்டேன். விழுங்கிய பிறகு, கோப்பையைக் கீழே வைத்த பிறகு, தொண்டையிலிருந்து ஒரு தித்திப்பு ஏறி வந்தது பார், அதை எப்படி எழுதுவது. நாக்கில் அது இல்லை. விழுங்குகிறவனுக்குத்தான் அது. நானோ பிழைப்பு முழுக்கத் துப்பியவன். எங்கள் வேலையில் துப்பாவிட்டால் சாயங்காலம் வரை தாங்காது, அதில் தப்பில்லை, ஆனால் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அம்மா மேல் வந்த ஆத்திரம் கொஞ்ச நஞ்சம் இல்லை.

மேனேஜரிடம் போய் அந்தச் சரக்கு வேண்டாம், நேற்று நான் சொன்னது சரியில்லை என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க சொன்னத நீங்களே மாத்தி நான் பாத்ததில்லையே சார்" என்றார். என் மனைவிதான் கண்டுபிடித்தாள் என்று சொன்னேன், அந்த ஒரு வாக்கியத்தை வெளியே கொண்டுவருவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை, சந்தோஷப்பட்டார், அதுதான் இன்னும் மோசம். "அப்ப அவங்களையே கூட்டிட்டு வாங்க, அந்த ஏஜென்ட் இன்னும் ஆறு ரகம் கொண்டாராரு" என்றார்.

அம்மா வந்தாள். வார்டுக்குப் போன காலத்துக் கைக்கடிகாரத்தைத் தேடியெடுத்துக் கட்டிக்கொண்டு வந்தாள். அறைக்குள் நுழைந்ததும் மூக்கைச் சுளித்து, செண்ட் ஆசாமியைப் பார்த்து, கோபமே இல்லாத குரலில், பேஷண்டின் உறவுக்காரர்களை வெளியே அனுப்புகிற அதே குரலில், "தம்பி, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க, உங்க வாசனைதான் வருது, இலை வாசனை வரமாட்டேங்குது" என்றாள். நாங்கள் இத்தனை நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு பொறுத்ததை அவள் வந்த கையோடு சொல்லிவிட்டாள். நான் மரியாதைக்குத் துப்பும் தொட்டியை அவள் பக்கம் உருட்டினேன். "குடிக்கத்தானே டீ" என்று அதைத் திரும்பத் தள்ளிவிட்டாள். மேனேஜர் சிரித்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும். நான் சொன்ன எந்த ஜோக்குக்கும் அந்த மனுஷன் பல்லைக் காட்டியதில்லை. ஆறில் இரண்டைத் தேர்ந்தெடுத்தாள், மற்றதை ஒதுக்கினாள். செண்ட் ஆசாமி வாசலில் நின்றபடியே ஒதுக்கியதில் ஒன்றைக் காட்டி இது மலை உச்சிச் சரக்கு, இதைப் போய் வேண்டாம் என்கிறீர்களே என்று சண்டைக்கு வந்தார். அம்மா வாதாடவில்லை, அந்த இலையில் இறங்கிய கடைசித் தண்ணீரை ஊற்றி வாசலுக்குக் கொண்டுபோய் அவர் கையிலேயே கொடுத்தாள். அவர் ஒரு வாய் குடித்தார். பிறகு கோப்பையை மேடையில் வைத்துவிட்டு, அவள் தேர்ந்தெடுத்த இரண்டின் விலையைப் பேசலாமா என்றார்.

அப்புறம் என்ன, வாரத்தில் இரண்டு காலை அவளும் என்னோடு கம்பெனிக்கு வருகிறாள். எல்லோரும் அக்கா அக்கா என்று சுற்றுகிறார்கள். என்னை இத்தனை வருடமாகச் சார் என்கிறார்கள், சார் என்பதற்கும் அக்கா என்பதற்கும் உள்ள தூரம் இப்போதுதான் தெரிகிறது. போன வாரம் மேனேஜர் கூப்பிட்டார். வசந்தகால இலை பறிக்கும் சமயத்தில் அந்த டீ விளைகிற மலைக்கே நேரில் போய்ச் சரக்கு எடுக்க வேண்டும், அம்மா போக வேண்டும் என்றார். அந்தப் பயணம் நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கேட்டது. நான் எந்தத் தோட்டத்தையும் நேரில் பார்த்ததில்லை, எல்லாம் எனக்குப் பொட்டலமாகத்தான் வந்தது. அதோடு விட்டாரா, விமானம் உன் ஊரில் மாறுகிறது, வேண்டுமானால் இரண்டு நாள் மகளோடு தங்கிவிட்டுப் போகட்டும் என்றார். நான் திரையில் மட்டும் பார்க்கிற என் பேத்தியை அம்மா மடியில் போட்டுக் கொஞ்சப் போகிறாள். வீட்டுக்கு வந்து நான் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த நாள் அம்மா மேனேஜரிடம் தனியாகப் போய், என் வீட்டுக்காரரும் வந்தால்தான் நான் போவேன் என்று சொல்லியிருக்கிறாள். மேனேஜரும் சரி என்றுவிட்டார். எனக்கு அது தெரிந்ததும் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வர நான் என்ன கூலியா, வேண்டாம், நீயே போய் வா என்று கத்திவிட்டேன். அதற்குப் பிறகு வீட்டில் கெட்டில் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. முந்தாநாள் சாயங்காலம் அவள் எதிரில் வந்து உட்கார்ந்து, "நான் ஒண்ணு நல்லாருக்குன்னு சொன்னா நீங்க உடனே இல்லைம்பீங்க, அதுக்காகவே நான் இன்னொரு தடவ குடிச்சுப் பாப்பேன், அப்பத்தான் எனக்கே தெரியும். அங்க போயி நான் என்ன சொன்னாலும் எல்லாரும் சரிக்கா சரிக்கான்னு தலையாட்டுவாங்க. அவங்கள வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது" என்றாள். கெஞ்சலாகச் சொல்லவில்லை, புகாராகச் சொன்னாள். இந்த வீட்டில் எனக்கு இருக்கிற வேலை அதுதான் என்றால் அது ஒன்றும் சின்ன வேலை இல்லை என்று தோன்றியது. நேற்று போய் நானும் வருகிறேன் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். பயணக் காகிதத்தில் அம்மா பெயருக்கு எதிரில் தேநீர் நிபுணர் என்று போட்டிருக்கிறார்கள். என் பெயருக்கு எதிரில் துணைக்கு வருபவர் என்று இருக்கிறது. மாற்றச் சொல்லவில்லை.

ஆக, இரண்டு பேரும் வருகிறோம். அம்மா இன்றைக்கே போனில் சொல்லிவிடுவாள், இந்தக் கடிதம் பிறகுதான் வரும், ஆனாலும் நான் எழுத உட்கார்ந்தது இதற்குத்தான். விமான நிலையத்துக்கு நீ குட்டியைத் தூக்கிக்கொண்டு வருவாய். அம்மா பெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருவாள், அவள் வேகத்துக்கு என்னால் ஓட முடியாது, அது உனக்கே தெரியும். நீ அசையாமல் நில். நான் வரும்வரை குழந்தையைக் கொடுக்காதே, முதலில் என் கையில் கொடு. டீயில் அம்மா ஜெயித்துவிட்டுப் போகட்டும், இதில் நான் விட மாட்டேன். அம்மா கோபித்துக்கொண்டால் நான் சமாளித்துக்கொள்கிறேன்.

நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல், வீடு நிறையச் சிரிப்போடு நீண்ட காலம் இருக்க வேண்டும். குட்டி கைக்கு எட்டுகிற இடத்தில் கொதிநீர் வைக்காதே, டீ போடும்போது அவளை இடுப்பில் வைத்துக்கொள்ளாதே. மாப்பிள்ளையிடம் நான் விசாரித்ததாகச் சொல். இந்தக் கடிதத்தைப் படித்ததும் எங்காவது உள்ளே வைத்துவிடு, அம்மா வரும்போது மேஜை மேல் கிடக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அம்மாவுக்குத் துணைக்கு வரும்
அப்பா