உடைப்பு இல்லாமலே கரையில் ஓட அனுமதி கோரி

அனுப்புநர்
கோ. இராஜாங்கம் (வயது 56), விவசாயி,
கீழத்தெரு, நடுவாய்க்கால்குடி,
பூதலூர் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு உதவிப் பொறியாளர் அவர்கள்,
பாசனப் பிரிவு அலுவலகம்.

பொருள்: வாய்க்கால் கரையில் நான் ஓடுவதை லஸ்கர் தடுப்பது – தடையை நீக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மனைவி அம்சவல்லிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். சிறுநீரக நோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டும் மாரத்தான் வரும் 21ஆம் தேதி தஞ்சாவூரில் நடக்கிறது. இருபத்தோரு கிலோமீட்டர் ஓடப் பெயர் கொடுத்துள்ளேன். முழுதாக ஓடி முடித்தால்தான் நிதி தருவோம் என்று ஊரார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

2. ஓடிப் பழக எங்கள் ஊரில் வாய்க்கால் கரையை விட்டால் வேறு இடம் கிடையாது. ஆனால் தலை நரைத்தவன் கரையில் ஓடினால் இங்கே அதற்கு ஒரே அர்த்தம்தான்: கரை உடைந்துவிட்டது. கடந்த 2ஆம் தேதி காலை ஓடத் தொடங்கினேன். "ஐயையோ, ஒடப்பெடுத்துடுச்சு, ஓடியாங்க!" என்று பக்கத்து வயல் நீலமேகம் கத்தினார். திரும்பிப் பார்த்தால் மண்வெட்டி, மணல் மூட்டை, இரண்டு டிராக்டர் சகிதம் ஊரே பின்னால் வருகிறது. நான் நிற்காததால், உடைப்பு இன்னும் தூரத்தில் என்று எண்ணி அவர்களும் நிற்கவில்லை. பிடித்த வேகம் கெட்டுவிடுமே என்று ஓடிக்கொண்டே இருந்தது என் தவறுதான். அடுத்த ஊர் மதகில் விஷயம் தெரிந்ததும் அவர்கள் பேசியதை இங்கே எழுத முடியாது.

3. அன்று முதல், மதகும் கரையும் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் வீரமணி கரையில் குறுக்கே நின்று, "நடந்து போங்க, ஓடக் கூடாது" என்கிறார். மாரத்தானுக்கு நடந்தா பழகுவது? வரப்பில் ஓடிப் பார்த்தேன். வழுக்கி நீலமேகம் நாற்றங்காலிலேயே விழுந்தேன். அதற்குத் தனிப் பஞ்சாயத்து.

4. டயாலிசிஸ் முடிந்து துவண்டு கிடப்பவள், நான் வந்ததும் "இன்னிக்கு எவ்வளவு தூரம் ஓடுனீங்க?" என்றுதான் கேட்கிறாள். பத்து நாளாகப் பொய் சொல்லி வருகிறேன். நேற்று பதினெட்டு கிலோமீட்டர் என்றேன். அவள் சிரித்ததைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது ஐயா. இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது.

5. ஆகவே, காலை ஐந்தரை முதல் ஏழரை வரை கரையில் மஞ்சள் பனியனோடு ஓடுபவர் இராஜாங்கம் மட்டுமே, உடைப்பு எதுவும் இல்லை என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கச் செய்து, என்னை ஓட விடுமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன். உண்மையிலேயே உடைப்பு கண்ணில் பட்டால், பனியனைக் கழற்றிவிட்டு ஓடி வருவேன் என உறுதி கூறுகிறேன்.

ஷூ மாட்டியபடி தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
கோ. இராஜாங்கம்

இடம்: நடுவாய்க்கால்குடி
நாள்: 12.09.2025