பாதிப் பூட்டு

பிப்ரவரி 6, செவ்வாய்

இன்றைக்கும் அதே புகார். போர்ட் பிளேரிலிருந்து ஹட் பே போய்வரும் படகுக்கு டிக்கெட் எடுக்கிறவர்கள் எங்கள் தளத்தில் லாகின் செய்கிறார்கள். படகு நேரம் பார்க்க அடுத்த பக்கத்துக்குப் போனால், யாரென்றே தெரியாதது போல மறுபடி லாகின் கேட்கிறது.

காரணம் எனக்குத் தெரியும். லாகின் பக்கத்துக்கும் பணம் கட்டும் பக்கத்துக்கும் மட்டும்தான் பூட்டு: மேலே முகவரி ஓரத்தில் பூட்டுப் படம் தெரியும், போவதை வழியில் யாரும் படிக்க முடியாது. மற்றதெல்லாம் திறந்த பக்கம். உள்ளே வந்தவருக்குத் தளம் ஒரு டோக்கன் கொடுக்கிறது; ஒவ்வொரு பக்கத்திலும் போன் அதைக் காட்ட வேண்டும். பூட்டுள்ள பக்கத்தில் மட்டும் காட்டும்படி நான் எழுதியிருக்கிறேன். திறந்த பக்கத்தில் காட்டினால் அதே வைஃபையில் இருக்கிற எவனும் அதை எடுத்துக்கொண்டு அவர் பெயரிலேயே உள்ளே உலவலாம்.

எல்லாப் பக்கத்துக்கும் பூட்டுப் போட்டால் தீர்ந்தது. எங்கள் ஆபீஸ் முதலாளி சிவபிரகாஷ் சாரிடம் சொன்னேன். "அரே மரகதம், பூட்டு போட்டா பேஜ் நகராது. படகு முதலாளி ராஜசேகர் சாரும் வேணாங்கறாரு. டோக்கனைத் திறந்த பேஜ்லயும் காட்ட விடு. பஸ், காம் கதம், வேலை முடிஞ்சுது."

அது சேட்டிலைட் இன்டர்நெட் காலத்துப் பயம். அப்போது ஒரு படம் இறங்குவதற்குள் ஜங்லிகாட் முனை வரை போய் டீ குடித்துவிட்டு வருவோம், உண்மைதான். கடலுக்கடியில் கேபிள் வந்து வருஷக்கணக்காகிறது. பயம் மட்டும் இந்தத் தீவை விட்டுப் போகவில்லை.

முடியாது என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 8, வியாழன்

வேலையை எதிர் மேசை கௌதமிடம் கொடுத்துவிட்டார். "கோவிச்சுக்காதீங்க அக்கா, சார் சொன்னா நான் என்ன பண்ண?" என்றான். அவன் மேல் கோபமில்லை. மதியத்துக்குள் முடித்தான், புகாரும் நின்றது. ராஜசேகர் சார் பெட்டி நிறைய மைசூர்பாகு அனுப்பினார். நான் தொடவில்லை.

பிப்ரவரி 9

இன்னும் ஒரு துண்டு மிச்சமிருக்கிறது. தொட மாட்டேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

பெரியதம்பி மாமா போன் செய்தார். அப்பாவோடு கட்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். சுனாமிக்குப் பிறகு ஹட் பே படகுத்துறை ஜெட்டி பக்கம் டீக்கடை போட்டார். அங்கே சிக்னல் ஒழுங்காகக் கிடைக்காது. ஊரே அவர் கடை வைஃபையில்தான் உட்கார்ந்திருக்கும். போர்டில் டீ விலைக்குக் கீழே பாஸ்வேர்டையும் பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறார். போன் பழகாதவர்களுக்குத் தன் லாகினிலேயே டிக்கெட் எடுத்துக் கொடுப்பார். காலையில் லாகின் செய்தால் கடை சாத்தும்வரை வெளியே வர மாட்டார்.

ஹட் பேயில் இருக்கும் ஒச்சம்மா அக்காவுக்கு இங்கே போர்ட் பிளேரில் கண் ஆபரேஷன். மாமா எடுத்துக் கொடுத்த டிக்கெட், படகு கிளம்பும் முன் ரத்தாகியிருக்கிறது. மாமாவின் லாகினிலிருந்தே! காத்திருப்புப் பட்டியலில் முதலில் இருந்த யாருக்கோ அந்த இடம் போய்விட்டது. பாவம், அக்கா பையோடு படகுத்துறையில் நின்றிருக்கிறார்.

"நான் தொடவே இல்ல புள்ள. காசு வாங்கிக்கிட்டு இடத்த வித்துட்டேன்னு படகுக் கம்பெனில சொல்றாங்க. லாகின நிப்பாட்டிட்டாங்க. டீ குடிக்க வர்றவன்கூட ஒரு மாதிரி பாக்குறான்."

அழுதுவிட்டார். சுனாமியில் வீடு போனபோதுகூட அவர் அழவில்லை என்று அப்பா சொல்வார்.

அந்தக் கடையில் உட்கார்ந்து எவனோ அந்த இடத்துக்காக மாமாவின் டோக்கனை எடுத்திருக்கிறான். கதவைத் திறந்து போட்டது நாம. திருட்டுப் பட்டம் அவருக்கா? இதை விடுறதா இல்ல. விடவே மாட்டேன்.

பிப்ரவரி 21, புதன்

ஆபரேஷனுக்கு வரும் செவ்வாய் மறுபடி நாள் கொடுத்திருக்கிறார்கள். அதையும் தவறவிட்டால் டாக்டர் மெயின்லேண்ட் போய்விடுவாராம், எப்போது திரும்புவாரோ. திங்கள் படகு நிறைந்துவிட்டது. என் லாகினில் ஒச்சம்மா அக்காவைக் காத்திருப்பில் போட்டேன்.

சிவபிரகாஷ் சாரிடம் விஷயத்தைச் சொன்னால், "சபூத் இருக்கா, ஆதாரம்? ராஜசேகர் சார் வெள்ளிக்கிழமை வர்றாரு, அவர்கிட்ட வாயைத் திறந்துடாதே" என்கிறார்.

திறப்பேன்.

பிப்ரவரி 23, வெள்ளி

திறந்தேன்.

"பெரியதம்பி திருடலை சார். நம்ம சைட்தான் திருட விட்டது."

"தேக்கோ பேட்டி, பாரும்மா," என்றார் ராஜசேகர் சார். "அவன் லாகின்ல அவனைத் தவிர வேற யார் போவா?"

"நான் போவேன். உங்க லாகின்லயே போவேன்."

ராஜசேகர் சார் விழுந்து விழுந்து சிரித்தார். "போய்க் காட்டு, பாப்போம்."

"டிக்கெட்டை ரத்தும் பண்ணுவேன். பண்ணட்டுமா?"

"பண்ணு, பண்ணு!"

சிவபிரகாஷ் சார் கண்ணாலேயே என்னை எரித்தார். ராஜசேகர் சார் எங்கள் வைஃபையில் தன் போனிலிருந்து லாகின் செய்தார். பூட்டு. பிறகு படகு நேரம் பார்த்தார். திறந்த பக்கம். எனக்கு அது போதும்; அவர் டோக்கன் என் லேப்டாப்புக்கு வந்துவிட்டது. லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன். மேலே 'வணக்கம் ராஜசேகர்'. கீழே அவர் டிக்கெட்டுகள்: நாளை ஹட் பே போக ஒன்று, திங்கள் திரும்பி வர ஒன்று. திரும்பி வருவதை ரத்து செய்தேன். அவர் போன் டிங் என்றது. சிரிப்பு நின்றது.

"அச்சா, டீக் ஹை, ஒத்துக்கறேன். திருப்பிப் போடு."

"முடியாது சார். ரத்தான இடம் காத்திருப்பில முதல் ஆளுக்குத் தானா போயிடும். நீங்க வெச்ச ரூல்தான்."

"யாருக்குப் போச்சு?"

"ஒச்சம்மா, ஹட் பே."

முதல் ஆள் யாரென்று எனக்கு முன்பே தெரியுமா? தெரியும். காலையிலேயே பார்த்துவிட்டுத்தான் அந்த அறைக்குள் போனேன்.

பிப்ரவரி 24, சனி

சிவபிரகாஷ் சார் உத்தரவு: ராஜசேகர் சாருக்கு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டுமாம். இல்லையென்றால் திங்கள் வேலைக்கு வரக்கூடாதாம். எழுத மாட்டேன். வருவேன்.

பிப்ரவரி 26, திங்கள்

முதலில் ஜெட்டிக்குப் போய் ஒச்சம்மா அக்காவை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பார்வை தெரியாத கண்ணோடு என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார். பிறகு ஆபீஸ். போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். யாரும் எழுப்பவில்லை.

மத்தியானம் கௌதம் வந்தான். "அக்கா, ராஜசேகர் சார் ஹட் பேல இருந்து போன் பண்ணாராம். எல்லா பேஜுக்கும் பூட்டு போடணுமாம். கொஞ்சம் என்கூட உக்காருங்க."

உட்கார்ந்தேன். எல்லாவற்றுக்கும் பூட்டுப் போட்டோம்; எந்தப் பக்கமும் நகராமல் நிற்கவில்லை. ராஜசேகர் சார் மட்டும் தன் படகில் இடமில்லாமல் சர்க்கார் கப்பலுக்காக அங்கே காத்திருக்கிறாராம்.

மார்ச் 12, செவ்வாய்

ஒச்சம்மா அக்கா கட்டுப் பிரித்து ஊருக்குப் போயாயிற்று. மாமாவுக்கும் லாகின் திரும்பக் கிடைத்துவிட்டது. இன்று போனில் மூச்சு விடாமல் பேசினார். ராஜசேகர் சார் கடைக்கு வந்தாராம். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. டீ சொல்லிவிட்டு, போர்டைப் பார்த்துப் பாஸ்வேர்டைப் போட்டாராம்.

"ஒவ்வொரு பேஜுக்கும் போனை மூக்குக்கிட்ட கொண்டு போறாரு புள்ள. பூட்டு இருக்கான்னு பாத்துட்டுத்தான் வெரல வைக்கிறாரு. எந்திரிக்கிறப்ப, கடையில இருக்குற அத்தன பேருக்கும் கேக்குற மாதிரி, 'பெரியதம்பி, இனிமே நம்ம ஸ்டாஃபுக்கும் நீயே டிக்கெட் எடுத்துக் குடு'ன்னுட்டுப் போனாரு."

சிவபிரகாஷ் சார் அந்த மன்னிப்புக் கடிதத்தை இப்போதெல்லாம் கேட்பதில்லை. கேட்டாலும் எழுத மாட்டேன்.