முப்பத்தேழாம் நாற்காலி

மயூர் விஹார்
4 நவம்பர் 2024

அன்புள்ள ஜெயராம்,

கர்த்தர் கிருபையில் நலம். தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு போனில் என் குரலைக் கேட்க எனக்கே சகிக்கவில்லை. அதனால்தான் கடிதம்.

நேற்றோடு ஐந்து ஞாயிறு ஆப்பிளோடு வந்துவிட்டாய். நாற்பது வருட நட்பில் ஒரு வாழைப்பழம்கூட வாங்கி வராத மகராசன் நீ! என் வீட்டுக்காரி ரூபிக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "அண்ணன் எவ்வளவு கரிசனமா விசாரிக்காவ" என்கிறாள்.

படியேறும்போது எனக்கு எவ்வளவு மூச்சு வாங்குகிறது என்று அவளிடம் ஏன் கேட்டாய்?

உன்
கிளமெண்ட்

முனிர்கா
9 நவம்பர் 2024

அன்பு கிளமெண்ட்,

உன்னிடம் மறைக்க முடியவில்லை. உன் கிளப்பில் நூறு உறுப்பினர், நூறு நாற்காலிதான். ஒருவர் போனால்தான் அடுத்தவர். நீ என் பெயரை முன்மொழிந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இப்போதுதான் பட்டியலில் முதல் ஆளானேன். செப்டம்பரில் செயலாளர் ஒரு சீட்டு கொடுத்தார். முப்பத்தேழு. உன் நாற்காலி.

வெள்ளைக்காரன் காலத்துக் காலராவில் வந்த வழக்கமாம், உனக்குத் தெரியாததா? காத்திருப்பவன் வாராவாரம் நாற்காலிக்காரரைப் பார்த்து, உடல்நிலையை எழுதித் தர வேண்டும். அவரிடம் சொல்லக்கூடாது. உள்ளதைத்தான் எழுதினேன். கோபித்துக்கொள்ளாதே.

ஜெயராம்

மயூர் விஹார்
14 நவம்பர் 2024

ஜெயராம்,

முதல் ஆப்பிளிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நீயே சொல்வாய் என்று காத்திருந்தேன்.

எனக்கு முன் அந்த நாற்காலியில் இருந்த இருதயசாமி ஐயாவுக்கு நானும் ஆரஞ்சு வாங்கிப் போனவன்தான். ஆறு வாரம் 'தேறி வருகிறார்' என்று எழுதினேன். ஏழாவது வாரம் 'இனித் தேறமாட்டார்' என்று எழுதியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்காக இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை. அந்த நாற்காலியில் சாயும்போதெல்லாம் முதுகு சில்லிட்டுப் போகும்.

நீ அந்த ஏழாவது வாரத்துக்கு வந்து சேருவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. இன்று ராஜினாமா அனுப்பிவிட்டேன். அந்த நாற்காலியிலிருந்து உயிரோடு எழுந்தவன் நான் ஒருவன்தான். போய் உட்கார். நான் சாகக் காத்திருக்க வேண்டாம்.

ஆனால் இனி ஞாயிற்றுக்கிழமைகளில் வராதே. நீ நலம் விசாரித்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

கிளமெண்ட்

முனிர்கா
3 பிப்ரவரி 2025

அன்பு கிளமெண்ட்,

இது என் நான்காவது கடிதம். ஒன்றுக்கும் பதில் இல்லை. போன மாதம் வந்தபோது ரூபி கதவைத் திறக்காமலே, "அவுக தூங்குதாவ அண்ணே" என்றாள்.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். வலது கைப்பிடி தேய்ந்து கிடக்கிறது. நீ சொன்ன மாதிரியே முதுகு சில்லிடுகிறது.

நேற்று ப்ரணவ் என்று ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும், நல்ல மரியாதை. பை நிறைய மாதுளம்பழம். எதற்கு வந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்குச் சர்க்கரை எவ்வளவு என்று அவர்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அடுக்களையிலிருந்து ஜலஜா, "முந்நூறைத் தாண்டிடுத்து, ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லை" என்று சொல்லிவிட்டாள்.

அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன், கிளமெண்ட். அடுத்த ஞாயிறும் வருவாராம்.

ஒரு வரியாவது எழுது.

ஜெயராம்