நெஞ்சோடு வைத்த அடையாள அட்டை

கண்டி,
14.09.2007

அன்பு மகள் றெஜினாவுக்கு,

ஆண்டவர் தயவில் எழுந்து நடமாடுகிறேன். நீயும் மருமகனும் அவ்வாறே இருக்க மன்றாடுகிறேன். நீ விசாரித்த, நெஞ்சில் தோல் தடித்து அரிக்கும் கடியைத் தோல் வைத்தியர் ஸ்ரீஸ்கந்தராசாவிடம் காட்டினேன். அடையாள அட்டையை மெல்லிய பிளாஸ்ரிக் உறையில் போட்டு, சட்டையின் உட்புறம் சேப்டி பின்னைக் குத்தி வைத்திருப்பது உனக்குத் தெரியும். பள்ளிப் பிள்ளை போலக் கழுத்தில் தொங்கவிட எனக்கு மனமில்லை. ஒவ்வாமை பின்னிலுள்ள நிக்கலுக்காம். உறையை வளைந்துகொடுக்கச் செய்யும் இரசாயனம் வியர்வையில் கசிந்து அதைக் கூட்டிவிடவும் கூடுமாம். அப்படியானால் உறைதான் குற்றவாளியா என்று கேட்டேன். இல்லை மிஸிஸ், அது பக்கத்தில நிண்டு சண்டையை மூட்டிவிடுற ஆள், எலியளில கண்டிருக்கினம், மனுசரில இன்னும் உறுதியில்லை என்றார். உறுதியில்லாததை அப்படியே சொல்லும் வைத்தியரை நான் மதிக்கிறேன்.

பின்னும் உறையும் ஆறு வாரம் தோலில் படக்கூடாது என்றார். நீ தொலைபேசியில் சொன்னதும் அதுவே. ஆகவே அட்டையைக் கைப்பையில் வைத்தேன். ஆனால் அது ஞாயிறு பூசைக்குக் கொண்டுபோகும் பை. செவ்வாய்க்கிழமை சந்தைப் பையுடன் புறப்பட்டுவிட்டேன். வாவிக்கரைச் சோதனைச் சாவடியில் அட்டையைக் கேட்டார்கள். பழக்கத்தில் என் கை சட்டைக்குள் போயிற்று. சிப்பாயின் துவக்கு நிமிர்ந்தது. கையை மெல்ல வெளியே எடுத்தேன். அதில் ஒன்றும் இல்லை. பிறகு இரண்டரை மணித்தியாலம் பொலிஸ் நிலைய வாங்குப் பலகையில் இருந்தேன். தேநீர் தந்தார்கள், குடிக்கவில்லை. வீட்டுச் சாவி பக்கத்து வீட்டு ரபீகாவிடம் இருப்பதால் அவளுக்குத் தொலைபேசி எடுக்க விட்டார்கள். அவள் அட்டையுடன் வந்து சிங்களத்தில் பேசி என்னை மீட்டாள். வழியெல்லாம் ஏச்சு: கடியப் பொறகு பாக்கலாம் டீச்சர், உசிரு போனா எந்த டொக்டரு மருந்து தருவாரு?

மறுநாள் பின்னும் உறையும் இல்லாமல், இரண்டு மடிப்புப் பருத்தித் துணியில் ஒரு பை தைத்து என் சட்டைக்குள்ளேயே பொருத்தித் தந்தாள். கடி குறைந்திருக்கிறது, போகவில்லை. போகாவிட்டாலும் அட்டை என் கை தேடும் இடத்திலேயே இருக்கும். இதில் உன் அறிவுரை வேண்டாம்.

மார்கழியில் நத்தார்ப் பூசைக்கு நீ வரும்போது கடவுச்சீட்டைப் பெட்டியில் போடாதே, உடம்போடு கொண்டு வா. உனக்கும் ஒரு பை தைக்கச் சொல்லியிருக்கிறேன். சட்டை அளவை மறக்காமல் எழுது. தேவமாதா உங்கள் இருவரையும் காப்பாராக.

உன் அம்மா,
திரேசா திருச்செல்வம்