உள்ளேன் டீச்சர்

அன்புள்ள அப்பாவுக்கு,

சாமி புண்ணியத்தில் இங்கே மூவரும் சுகம். உங்கள் முட்டிவலி குறைந்ததா?

ஒரு சின்ன விஷயம், கவலைப்பட ஒன்றுமில்லை. பள்ளி வாசலில் நான் தமிழில் பேசினால் உங்கள் பேத்தி கையை உதறிவிடுவாள். "எல்லாரும் பாக்குறாங்க, பேசாதம்மா!" இதை அவளுடைய டீச்சர் பார்த்துவிட்டார். மறுநாள் என்னிடம், "உங்க ஊர்ல பேர் கூப்பிட்டா பிள்ளைங்க என்ன சொல்வாங்க?" என்று கேட்டார். டிவி பார்த்து நானே கற்ற இந்த நாட்டுப் பேச்சு கைகொடுத்தது. சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

அந்த வகுப்பில் வாரம் ஒரு பிள்ளையின் வீட்டு மொழியில் அட்டெண்டன்ஸ் எடுப்பாராம். திங்களன்று நம் முறை, என்னையும் உட்காரவைத்தார். இருபத்து நான்கு பிள்ளைகள், பதினோரு மொழிகள், எண்ணிக் குறித்துக்கொண்டேன். ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து "உள்ளேன் டீச்சர்" என்றது. கடைசியாக நம்மவள். தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். முருகனை வேண்டிக்கொண்டேன். சட்டென்று எழுந்து கத்தினாள் பாருங்கள், ஜன்னலே அதிர்ந்தது! அந்த டீச்சரைக் கையெடுத்துக் கும்பிடலாம் அப்பா.

அண்ணன் வரும்போது ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் ஒன்று கொடுத்தனுப்புங்கள். அதில் அவள் பெயரை நீங்களே எழுதுங்கள். உங்கள் கையெழுத்தைப் பார்த்து நாளாகிறது.

பள்ளி விடும் நேரம். நேற்று வாசலில் அத்தனை பேர் நடுவில், "அம்மா, சீக்கிரம் வா, பசிக்குது!" என்று தமிழில் கத்தினாள். இன்றும் கத்துவாள், ஓடுகிறேன்.

உங்கள் மகள்