துணிக்கு அந்தப் பக்கம்

9-2-1958, ஞாயிறு, காலை பத்தரை மணி. ஸ்லைடு மெஷின் பெட்டியைத் திறந்து எழுத்துக்கு ஒன்றாக இருக்கும் கண்ணாடித் தகடுகளை எண்ணினேன். இருபத்தொன்பது. முப்பதில் ஒன்று, 'ங்', உடைந்திருக்கிறது. வேறு ஊரென்றால் அது இல்லாமல் ஒப்பேற்றலாம். 'ங்க' போடாமல் வாயே திறக்காத நல்லேப்பிள்ளியில் நடக்காது. லென்ஸை ஊதினேன். உமித்தூசி பறந்தது, தும்மினேன், உன் ஞாபகம் வந்துவிட்டது.

அழுது எழுத எனக்கு வராது. ஐப்பசிக் காய்ச்சல் எட்டே நாளில் உன்னைக் கொண்டுபோனது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. உன்னை நினைத்தால் எனக்கு முதலில் வருவது சிரிப்பு.

நீ அந்த ஊர்ப் பள்ளி வாத்தியார். நான் டிப்ளமா முடித்த கையோடு இலாகா மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தவன். நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்களுக்கு ஞாயிறு மத்தியானம் ரைஸ்மில் குடோனில் எழுத்து வகுப்பு. ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டு இருட்டாக்கி, லாரி பேட்டரியில் பல்பைப் போட்டேன். மணலில் விரலால் எழுதவைப்பது உன் முறை. போன நூற்றாண்டு வேலை என்றேன். நீ கோபப்படவில்லை.

"ஓலை போயி ஸ்லேட்டு வந்துச்சு, ஸ்லேட்டு போயி உன்ற பல்பு வந்துச்சு. நாளைக்கு இன்னொண்ணு வரும்டா. வெரலு மட்டும் அதேதான்" என்றாய்.

ஆண்களும் பெண்களும் எதிரும் புதிருமாக உட்கார மாட்டோம் என்றார்கள். நான்தான் வழி கண்டுபிடித்தேன். குடோனுக்கு நடுவில் ஒரு வெள்ளைத் துணி. இந்தப் பக்கம் மெஷினும் ஆண்களும், அந்தப் பக்கம் பெண்கள். மெல்லிய துணி, வெளிச்சம் ஊடுருவும். ஒரே மெஷினில் இரண்டு வகுப்பு! என்னை நானே தட்டிக்கொடுத்தேன். பெண்கள் பக்கம் நாம் இருவரும் போவதில்லை என்று ஊரோடு பேச்சு. நான்கு வாரம் துணிக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. ஒரு எழுத்துத் தப்பவில்லை. எழுதுவதை அவர்கள் வீட்டு வாசலில் கோலமாவால் பழகினார்கள்.

ஐந்தாவது வாரம் கல்வி இலாகா இன்ஸ்பெக்டர் வந்தார், மலையாளி. வகுப்பு தொடர்வதும் நிற்பதும் அவர் எழுதும் ரிப்போர்ட்டில் இருந்தது. சாக்கையெல்லாம் எடுத்தோம். நடவுக்காரி மாராத்தாளைத் துணிக்கு இந்தப் பக்கம் கூப்பிட்டு, தாளும் பென்சிலும் கொடுத்து, பெயரை எழுதச் சொன்னார். அவள் தாளின் வலது ஓரத்தில் தொடங்கி, தடையில்லாமல் இடது பக்கம் போனாள்.

"மாஷே, இது எந்த பாஷை?"

"தமிழ்தானுங்க சார்" என்றாய். உன் குரல் இறங்கிவிட்டது.

"ஒரு மாசம் படிப்பிச்சது இதுவா? போதும். கிளாஸை நிறுத்திக்கோ."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. துணிக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு எல்லா எழுத்தும் இடம் வலம் மாறித்தான் தெரியும். ஒளியியலில் முதல் பாடம் அது. நான் வாய் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய்: "துணிய நடுவுல கட்டுனது நானுங்க. என்ற தப்புங்க."

மாராத்தாள் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"ஏனுங்க, அங்கயே நின்னுக்கிட்டுத் தப்புன்னா எப்படிங்க? நாங்க ஒக்காந்த பக்கம் வந்து பாருங்க."

இன்ஸ்பெக்டர் தாளுக்குப் பின்னால் போய்க் குனிந்தார். 'மாராத்தாள்', ஒரு சுழி பிசகாமல். மனுஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆண்கள் சிரித்தார்கள். "உங்குளுக்குப் பாதி மெஷினு, எங்குளுக்குப் பாதி மெஷினு. மறுபாதிய நாங்களே படிச்சுக்கிட்டோம்" என்று மாராத்தாள் ஒரு போடு போட்டதும் குடோனே அதிர்ந்தது. வகுப்புக்கு இன்னும் மூன்று மாதம் கிடைத்தது.

மறுவாரம் துணி சுவருக்குப் போனது. எல்லாரும் ஒரே பக்கம், ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவில் ஆளுயரத்துக்கு நெல் மூட்டை. நீ மணலைக் கொட்டினாய். மாராத்தாள் முதலில் கையைத் திருத்திக்கொண்டு, மற்றப் பெண்களின் விரலைப் பிடித்து எழுதவைத்தாள். நான் தகடு காட்டினேன், நீ மணல் நிரவினாய். எது பழசு எது புதுசு என்று அதற்குப் பிறகு நாம் சண்டை போடவே இல்லை.

ஆனால் ரிப்போர்ட்டில் ஒரு வரி விழுந்தது: 'ஆசிரியர் கவனக்குறைவு.' அந்த வரியால் உனக்கு வரவேண்டிய ஹெட்மாஸ்டர் வேலை தள்ளிப்போனது. நான் உண்மையைச் சொல்கிறேன் என்றபோதெல்லாம் நீ தடுத்தாய். "வாத்தியாருக்கு வேல போவாதுடா. உன்னயத் தூக்கிருவாங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். நானும் வசதியாக வாயை மூடிக்கொண்டேன். இன்றைக்கும் அந்த வரி உன் ஃபைலில் இருக்கிறது.

வருகிற புதன்கிழமை அகளியில் ஆசிரியர்களுக்கு மெஷின் பயிற்சி. நடத்துவது நான். மேற்பார்வைக்கு அதே இன்ஸ்பெக்டர். நான் செய்யப்போவது:

1. மெஷினை ஏற்றுமுன் அறையில் ஒவ்வொரு பாயிலும் நானே உட்கார்ந்து பார்ப்பது.

2. மாராத்தாளைக் கூட்டிக்கொண்டு போவது. பயிற்சியின் முதல் மணி நேரம் அவளுடையது.

3. கூடியிருக்கும் எல்லா ஆசிரியர் முன்னாலும், துணியைக் கட்டியவன் நான் என்று சொல்வது.

4. உன் ஃபைலில் அந்த வரியை இன்ஸ்பெக்டர் தன் கையாலேயே அடித்து நீக்கும்வரை பல்பைப் போடாமல் நிற்பது.