ஒரு வரி மட்டும் பாக்கி

செப்டம்பர் 3, ஞாயிறு

வாரத்தில் ஐந்து நாள் பல் மருத்துவமனையில் அடுத்தவர் வாயைச் சுத்தம் செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமையாவது சும்மா கிடப்போம் என்றால் திரைவிழாக் கூட்டம். நார்வேயின் பெர்கன் நகரில் தைவான் படங்களை மூன்று நாள் காட்டுகிற எங்கள் விழாவுக்கு இது ஆறாவது வருஷம். யாருக்கும் சம்பளம் கிடையாது. வாஃபிள் உண்டு. குழுவில் மூத்த பெண்மணி இங்கபியோர்க் வீட்டில் கூட்டம் என்றால் வாஃபிளும் பழுப்புச் சீஸும் நிச்சயம். முதலில் வாயை அடைப்பார், பிறகு வேலையைத் தலையில் கட்டுவார்.

இந்த வருஷத் தலைவி குவான்-தீங். வயது இருபத்தொன்பது, கடல்பாசியில் ஆராய்ச்சி செய்கிறாள். 'ஏழாம் படகு' என்று ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கிடைத்திருக்கிறதாம். அறுபதுகளில் எடுத்தது. முழுக்கத் தைவான் பேச்சு, வசனப் பிரதி தொலைந்தாயிற்று. காதால் கேட்டு நார்வே மொழியில் சப்டைட்டில் போட வேண்டும். அவளுக்கு மாண்டரின்தான் தெரியும், தைவான் பேச்சில் திட்ட மட்டும் வரும்.

"யூ-ரோங் அக்கா, உங்கள விட்டா யாரு?" என்றாள்.

அந்த இடத்திலேயே எழுந்து ஓடியிருக்க வேண்டும். சரி என்றேன். ஏன் சொன்னேன்? வாஃபிள் சூடாக இருந்தது, அதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

செப்டம்பர் 6, புதன்

எழுபது வரி முடிந்தது. கதாநாயகன் வாயில் கூழாங்கல்லை வைத்துக்கொண்டு பேசுகிறான்.

செப்டம்பர் 10, ஞாயிறு

412ஆம் வரியில் மாட்டிக்கொண்டேன்.

துறைமுகம், மழை. அவன் பையைத் தூக்குகிறான். மனைவி குடையோடு நிற்கிறாள். அவன் ஒரே ஒரு சொல் சொல்கிறான்: "போகணும்." கப்பல் ஏறிவிடுகிறான்.

எங்கள் பேச்சில் ஆசைப்பட்டுப் போனாலும் போகணும்தான், வேறு வழியில்லாமல் போனாலும் போகணும்தான். யார் போகணும் என்றுகூடச் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஊர்க்காரர்களுக்கு அது ஆகாது. ஆசைக்கு ஒரு சொல், கட்டாயத்துக்கு ஒரு சொல், முன்னால் 'நான்' என்று வேறு கையெழுத்துப் போட வேண்டும். இங்கபியோர்க் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் நார்வே மொழி நடத்தியவர், என் வரிகளைத் திருத்துகிறவர் அவர்தான். போன் செய்து கேட்டார்.

"அவனுக்கு ஆசையா, கட்டாயமா? ரெண்டுல ஒண்ண சொல்லு."

தெரியவில்லை என்றேன். உன் தாய்மொழிதானே என்றார். அதுதானே கஷ்டம்.

அந்த வரியை இருபது தடவையாவது ஓட்டிக் கேட்டிருப்பேன். படத்துக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் தைவானில், எங்கள் கீலுங் துறைமுகத்தில், இதே மாதிரி மழையில், என் அப்பாவும் இதைத்தான் சொன்னாராம். அம்மா சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். நார்வேக் கப்பலில் சமையல்காரராகப் போனவர் இங்கேயே தங்கிவிட்டார். எனக்கு அப்போது ஆறு வயது. பச்சை மழைக்கோட்டும் கையில் தேயிலையும் மசாலாவும் போட்டு அவித்த ஒரு சூடான தேநீர் முட்டையும்தான் ஞாபகம் இருக்கிறது. வேறு ஒன்றுமில்லை. நானும் அங்கே நின்றேன், எனக்கும் காது இருந்தது. ஆனால் கேட்கவில்லை.

செப்டம்பர் 17, ஞாயிறு

இதே ஊரில் லாக்ஸவோக் பகுதியில் இருக்கிற அப்பா வீட்டுக்குப் போனேன். விழாவுக்கு நூற்றைம்பது தேநீர் முட்டை வேண்டும், அவரை விட்டால் ஆளில்லை. எனக்கு இருபத்துநாலு வயதில் இந்த ஊருக்குப் படிக்க வந்தேன். அவரைத் தேடி வந்தேன் என்று எல்லோரும் சொல்வார்கள், நான் இல்லை என்பேன். இருபத்துமூன்று வருஷமாக இருவரும் ஒரே ஊரில் இருக்கிறோம், மீன் விலையும் மழையும் பேசுகிறோம். அவருக்கும் அம்மாவுக்கும் சட்டப்படி இன்னும் கல்யாணம் முறியவில்லை. ஆனால் பேச்சு கிடையாது. "உங்கம்மாகிட்ட சொல்லு", "உங்கப்பன்கிட்ட சொல்லு" - நடுவில் தபால்பெட்டி நான்.

முட்டைக்கு உடனே சரி என்றார். அன்னாசிப்பூ எங்கே மலிவு என்று கால்மணி நேரம் பேசினார். படம் பார்க்க வருவீர்களா என்றேன். உட்கார்ந்தால் முதுகு பிடித்துக்கொள்கிறதாம். என்ன படம் என்றார். கப்பல்காரன் படம் என்றேன். "ம்" என்றார்.

கேட்டிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆசையா, கட்டாயமா? ரெண்டே ரெண்டு சொல். முட்டையை எத்தனை மணி நேரம் ஊறவைப்பீர்கள் என்று கேட்டுவிட்டு வந்தேன். அசடு.

செப்டம்பர் 24, ஞாயிறு

கீலுங்கில் இருக்கிற அம்மாவிடம் வீடியோ அழைப்பில் பேசினேன். மீன் உருண்டைக் கடையைச் சாத்திவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். படத்தில் ஒரு வரி புரியவில்லை என்று சுற்றி வளைத்து ஆரம்பித்தேன். இவளிடமா?

"உங்கப்பன் சொன்னதுதானே? போகணும்னு நின்னான், போனான். ஆசைப்பட்டுப் போனவன இழுத்தா பிடிக்க முடியும்?"

ஆசைப்பட்டு என்று எப்படித் தெரியும், கட்டாயத்தில் சொல்லியிருந்தால் என்று கேட்டேன். கட்டாயத்தில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான் என்றாள். பிறகு தூக்கம் வருகிறது என்று வைத்துவிட்டாள்.

படத்தில் அவன் திரும்பிப் பார்க்கிறானா? போட்டுப் பார்த்தேன். குடை மறைக்கிறது.

அக்டோபர் 1, ஞாயிறு

ஆசை என்று எழுதினேன், அழித்தேன். கட்டாயம் என்று எழுதினேன், அழித்தேன். மற்ற அறுநூற்றுச் சொச்சம் வரியும் முடிந்தது. இந்த ஒன்றுக்கு உயிரை வாங்குகிறேன்.

அக்டோபர் 13, வெள்ளி

கோப்பு அனுப்ப இன்று கடைசி நாள். 412இல் எனக்காக நார்வே மொழியிலேயே ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தேன்: 'ஆசை / கட்டாயம்?? அப்பாவைக் கேட்கணும்.' அதை அழித்துவிட்டு 'எனக்குப் போக ஆசை' என்று போட்டேன். போட்டதும் ஒரு கெட்ட சந்தோஷம். யாரையோ கன்னத்தில் அறைந்த மாதிரி. படத்தில் வருகிறவன் பாவம், அவன் எனக்கு என்ன செய்தான்?

குவான்-தீங்குக்கு அனுப்பிவிட்டேன். தொல்லை விட்டது. விட்டதா?

அக்டோபர் 21, சனி

எப்படி எழுதுவது.

அரங்கு நிறைந்தது, நூற்றுப்பதினாறு பேர். முட்டை வாசனை உள்ளே வரக்கூடாது என்று அரங்கத்தார் சொல்ல, அப்பாவின் இரண்டு பெரிய பானைகளையும் வாசல் கூடாரத்தில் வைத்தோம். பக்கத்தில் இங்கபியோர்க்கின் வாஃபிள். இரண்டு பேரும் யாருக்கு வரிசை நீளம் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே நின்றார்கள். படம் தொடங்கி விளக்கு அணைந்தபின் அப்பா மெல்ல வந்து கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றார். முதுகு என்றாரே, நின்றால் வலிக்காதாக்கும்.

துறைமுகம் வந்தது. அவன் பையைத் தூக்கினான். "போகணும்." திரையில், வெள்ளை எழுத்தில், ஒரு ஆள் உயரத்துக்கு:

ஆசை / கட்டாயம்?? அப்பாவைக் கேட்கணும்.

கடவுளே. நான் பழைய கோப்பையும் சேர்த்து அனுப்பியிருக்கேன். அவ அதையே போட்டிருக்கா. இங்கபியோர்க் வாஃபிள் மாவு கரைச்சிட்டு இருந்ததுல கடைசியா ஒரு தடவ பார்க்கல. நாலு வினாடி நின்னுச்சு. நாலு வினாடி! எங்க ஊர்க்காரங்க நாலு பேர் சிரிச்சாங்க. நார்வேக்காரங்க அசையல. நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா திரையையே பார்த்துட்டு நின்னார். நாற்பத்தொரு வருஷம் இந்த ஊர்ல இருந்தவருக்கு நார்வே மொழி வாசிக்கத் தெரியாதா என்ன?

படம் முடிந்ததும் தாடிக்காரர் ஒருவர் வந்து, அந்த இடத்தில் இயக்குநர் செய்த புதுமை அபாரம் என்று என் கையைக் குலுக்கினார். நன்றி என்றேன். வேறு என்ன சொல்ல. குவான்-தீங் அழுதாள், அவளைத் தேற்றவே அரைமணி போயிற்று. தப்பு என்னுடையது என்று மூன்று தடவை சொன்னேன்.

வெளியே வந்தபோது பானைகள் காலி. அப்பா போய்விட்டிருந்தார்.

அக்டோபர் 22, ஞாயிறு

மதியம் மறுபடி அதே படம். வரியை என்ன செய்வது என்று இங்கபியோர்க்கைக் கேட்டேன். ஒன்றும் போடாதே, அவன் குரல் மட்டும் கேட்கட்டும் என்றார். இலக்கணத்துக்காக என்னோடு ஒன்றரை மாதம் மல்லுக்கு நின்ற மனுஷி! எனக்கே ஆச்சரியம். காலியாக விட்டோம்.

பானையை எடுத்துப்போக அப்பா வந்தார். கூடாரத்தில் இரண்டு பேரும் பானை தேய்த்தோம். நான் தலையைத் தூக்கவில்லை. அவரே ஆரம்பித்தார்.

"கேட்கணும்னு எழுதியிருந்த. கேளு."

"ஆசையா, கட்டாயமா?"

"நான் அத சொல்லவே இல்ல. உங்கம்மா சொன்னா."

புரியவில்லை. என்ன சொன்னாள் என்றேன்.

"போகணும்னு. ஒரு கால் கப்பல் பலகையில, ஒரு கால் கரையில. வேண்டாம், இறங்கிடலாம்னுதான் நின்னேன். உன்னக் கையில பிடிச்சுக்கிட்டு மூஞ்சப் பார்த்து சொன்னா, போகணும்னு. அவளே சொன்னப்புறம் எப்படி இறங்குறது?"

சாம்பல் நிறச் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். முட்டையில் உப்பு கூடிவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். கூடித்தான் இருந்தது.

அக்டோபர் 25, புதன்

இரண்டில் ஒருவர் பொய் சொல்கிறார். அல்லது இருவரும். நாற்பத்தொரு வருஷமாக நான் யார் மேல் கோபப்பட்டேன்?

அக்டோபர் 29, ஞாயிறு

இன்று கடிகாரத்தை ஒரு மணி பின்னால் வைத்தோம். இனி கீலுங்குக்கும் எனக்கும் ஏழு மணி வித்தியாசம். அம்மாவிடம் கேட்டேவிட்டேன். நீதான் போகணும் என்றாயாமே, அப்பா சொல்கிறார் என்றேன். பெரிய சண்டையை எதிர்பார்த்துப் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தேன்.

சண்டை வரவில்லை. மழைச் சத்தம்தான் கேட்டது. அங்கேயா இங்கேயா, தெரியவில்லை.

"நான் எங்க சொன்னேன்? கேட்டேன்டி. போகணுமான்னு கேட்டேன்."

"அப்பாவுக்குப் போகணும்னுதான் கேட்டிருக்கு."

"அப்போ சங்கு ஊதிட்டான், கப்பல்ல." அப்புறம் மெதுவாக, "அவரு பதிலே சொல்லல. பையத் தூக்கிட்டாரு. அதுதான் பதில்னு நெனச்சேன்" என்றாள்.

ஒரே ஒரு எழுத்து. வால் இல்லாமல் போய்ச் சேர்ந்த ஒரு கேள்வி. இதை நம்புவதா? நாற்பத்தொரு வருஷமாக 'போகணும்னு நின்னான்' என்று சொன்னவள் இவள்தானே? இவளும் இப்போதுதான் உண்டாக்கிக்கொள்கிறாளோ? அவர் உண்மையில் இறங்கத்தான் நின்றாரா? அந்தச் சங்கு எனக்காவது ஞாபகம் இருக்கிறதா என்று கண்ணை மூடிப் பார்த்தேன். முட்டை சூடு மட்டும்தான் வருகிறது.

வைப்பதற்கு முன் முட்டை எப்படி இருந்தது என்று கேட்டாள். உப்பு கூடுதல் என்றேன்.

"அவரு கை எப்பவும் அள்ளித்தான் போடும்." பிறகு, "அவரு நம்பர் பழசுதானே?"

பழைய நம்பர் உன்னிடம் எப்படி என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள். அவரு என்றாள். மூன்று தடவை. நான் பிறந்ததிலிருந்து 'உங்கப்பன்'தான்.

நவம்பர் 5, ஞாயிறு

இங்கபியோர்க் வீட்டில் கணக்குமுடிப்புக் கூட்டம். அடுத்த வருஷத்துக்கு இரண்டு பழைய படம் எடுக்கலாம் என்கிறாள் குவான்-தீங். என்னைப் பார்த்தாள். வாஃபிளைப் பார்த்தேன். சரி என்றேன்.

காலையில் பானையின் மூடி இங்கேயே கிடப்பதைச் சொல்ல அப்பாவைக் கூப்பிட்டேன். வேறு அழைப்பில் இருக்கிறார் என்று வந்தது. அவரை யார் கூப்பிடுவார்கள்? சரி, அம்மாவிடம் பேசுவோம் என்று அவளைக் கூப்பிட்டேன். அவளும் வேறு அழைப்பில்.

துணி துவைத்தேன். காபி போட்டேன். நாற்பது நிமிஷம் கழித்து மறுபடி கூப்பிட்டுப் பார்த்தேன். இரண்டும் அப்படியே. மூடி ஒன்றும் அவசரமில்லை.